மூன்றாம் லயத்தின் மழைப் பலகை

அழகுமுத்து பெயின்ட்காரன் ஆனது ஆசையால் அல்ல, ரோதையால். தேயிலைக் கொழுந்தை உருட்டி நசுக்கும் அந்த யந்திரம் 1981ஆம் ஆண்டில் அவன் வலது கையின் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. மூன்று விரலோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனை என்ன செய்வது என்று நிர்வாகம் யோசித்துப் பார்த்து, ஒரு சுண்ணாம்பு வாளியையும் வெள்ளையடிக்க ஒரு தும்புக்கட்டையையும் கொடுத்து அனுப்பியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவருக்கு வெள்ளையடி, கதவுக்கு இலக்கம் போடு, கக்கூசுக்குத் தார் பூசு. விரல் போனவனுக்குச் செய்த பெரிய தயவு அது என்று ஆபீசில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

பூண்டுலோயாவிலிருந்து பஸ் போகும் கடைசி இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் ஏறினால் வரும் தோட்டம். அதன் மேல் பிரிவுக்கு மேற்கணக்கு என்று பெயர். அங்கே மூன்று லயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில், காலையில் ஆட்கள் கூடி நின்று வேலைக்குப் பிரியும் பெரட்டுக்களம். லயங்களில் மூன்றாவது, மலை சரிந்து வந்து நிற்கும் இடத்துக்கு நேர் கீழே இருந்தது. வெள்ளைக்காரன் கட்டியது; தான் குடியிருக்கும் பங்களாவுக்கு மட்டும் அவன் நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டான்.

அந்த லயத்தில் ஒற்றை அறை வீடுகளாகப் பன்னிரண்டு காம்பராக்கள். ஏழாவதில் அழகுமுத்துவும் மனைவி லெட்சுமியும் இருந்தார்கள். மகளை நோர்வூட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எட்டாவதில் காளியாயி. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம்; ஒரே மகன் விஜிதரன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை; துணைக்கு வெள்ளச்சி என்ற பசு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை எழும்பாது. இந்தப் பக்கம் லெட்சுமி இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும். லெட்சுமிக்கு அக்கா தங்கை கிடையாது. அந்தக் குறையை அவள் உணர்ந்ததே இல்லை.

வெள்ளையடித்துக்கொண்டே இருந்தவனுக்குப் படமும் வரும் என்பது கோயில் திருவிழா ஒன்றில் தெரியவந்தது. அதன்பிறகு பேக்டரிச் சுவரில் ரோதை முனியை எழுதச் சொன்னார்கள். விரலைத் தின்ற யந்திரத்துக்குக் காவல் தெய்வம் அல்லவா, அழகுமுத்து மீசையைச் சற்றுத் தாராளமாகவே போட்டுவிட்டான். இரவு வேலைக்கு வரும் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று டீமேக்கர் ஐயா மீசையைக் குறைக்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் குறைத்தான். மேற்கணக்கில் அவனைப் பற்றிச் சிரிப்பதற்கு அது பல வருடம் உதவியது.

1998 ஆனியில் சிரிப்பு நின்றது. மூன்றாம் லயத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்தெடுத்த பெண் ஒருத்தியின் கால் கணுக்கால்வரை மண்ணுக்குள் போனது. வரப்பு உடைந்திருக்கும் என்று பார்த்தால், தேயிலைக்குள்ளே குறுக்காக நூறு அடி நீளத்துக்கு நிலம் வெடித்திருந்தது. வேறொரு தோட்டத்தில் நான்கு வருடத்துக்கு முன் ஒரு லயமே மண்ணுக்குள் போன கதை எல்லோருக்கும் தெரியும். சங்கத்துக்காரர்கள் புது வீடு கேட்டு எழுதினார்கள். நிர்வாகம் விரிசலுக்குள் களிமண் அடைக்க நான்கு பேரை அனுப்பியது.

சில வாரங்களில் மண்சரிவைக் கவனிக்கும் நுவரெலியா அரசாங்கக் கந்தோரிலிருந்து சிவரூபன் என்ற இளம் உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மலையை அளந்தார், மண்ணைக் கிள்ளிப் பையில் போட்டார், ஆபீசின் பின்னால் மழை அளக்கும் குப்பியைப் பார்த்தார். தினம் காலை ஏழு மணிக்கு யாரோ ஒருவர் அதை ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதும், புத்தகம் அலுமாரிக்குள் போய்விடுவதும் அவருக்குத் தெரியவந்தது. மூன்று நாள் மழை சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால் மூன்றாம் லயத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். அது சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது. தமிழில் எழுதும் வேலை அழகுமுத்துவிடம் வந்தது.

அழகான எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டினான். இரண்டு வாரம் கழித்து அதன் அடியில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவியிருந்தார்கள். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த மரியாதை. அடுத்த தடவை சிவரூபன் வந்தபோது அழகுமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. கூடையைத் தலையில போட்டுகிட்டு ஓடுற பொம்பள, ஆபீஸ் செவத்துல நின்னு நம்பர் படிக்குமாங்க? படிச்சாலும் அந்த நம்பர் அவளுக்கு என்னங்க சொல்லும்?"

"அப்ப எங்க வைச்சால் பாப்பினம்?"

"பெரட்டுல வைங்க. காலைல பேர் கூப்புடுற வரைக்கும் அர மணி நேரம் சும்மாத்தான் நிக்கிறோம். கொழுந்து மடுவத்துச் செவரு நேரா மூஞ்சிக்கு முன்னால இருக்கு. அதுல மழையையே கொண்டாந்து காட்டணுங்க."

மழையையே கொண்டுவந்து காட்டுவது என்றால் எப்படி என்று சிவரூபன் கேட்டார். அது அழகுமுத்துவுக்கும் தெரியாது. தெரியாமலே மூன்று மாதம் அலைந்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரைப் பீலியில் வரும் தண்ணீரை ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய்க்குள் இறக்கினான். பீப்பாய்க்குள் ஈயம் பற்றவைத்து மூடிய பால்மா டின் ஒன்று மிதந்தது. டின்னில் கட்டிய கயிறு சுவரைத் துளைத்து வந்து, ஒரு சைக்கிள் ரிம்மின் மேல் ஓடியது. தண்ணீர் ஏறி டின் உயர உயர, கயிறு தளர்ந்து, முன்பக்கப் பலகையில் ஒரு சிவப்புத் துணி மேலிருந்து கீழே இறங்கும். மழை விட்டால் துணி மேலே போகவேண்டுமே, அதற்காகப் பீப்பாயின் அடியில் ஓர் ஓட்டை. முதலில் ஆணியால் துளைத்தான். தண்ணீர் ஒரே நாளில் ஓடிப்போனது. அடைத்துவிட்டுச் சைக்கிள் கம்பிக் கனத்தில் துளைத்தான். அதில் ஒழுகி முடிய மூன்று நாள் பிடித்தது.

சிவரூபன் அந்த ஓட்டையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மண்ணும் உப்பிடித்தான், அண்ணை. குடிச்ச தண்ணியை மெல்ல மெல்லத்தான் விடும். இதைக் கணக்கில எழுதிறதுக்கு எனக்கு ரெண்டு பக்கம் பிடிச்சது" என்றார். அதுவரை 'அழகுமுத்து' என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்துதான் அண்ணை என்றார். அந்த மாரி முழுக்கத் துணி நின்ற இடத்தையும் ஆபீஸ் புத்தகத்தையும் தினம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விரற்கடை அளவுகூட வித்தியாசம் இல்லாமல் வந்தபிறகுதான் பலகைக்குப் பெயின்ட் அடித்தான்.

அங்கே ஒரு தவறு செய்தான். பலகையில் மலை எழுதவேண்டும் என்றதும், கலண்டரில் பார்த்த மலையை எழுதிவிட்டான். உச்சியில் பனிகூட இருந்தது. லெட்சுமி பெரட்டில் நின்று பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு மலைங்க? நம்ம மலையில யாரு சீனி கொட்டி வச்சது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள், துணி இறங்குவதை ஒருவரும் பார்க்கவில்லை. தன் மலை இல்லை என்றால் எவளுக்கு என்ன கவலை?

அழித்துவிட்டு மேற்கணக்கையே எழுதினான். விரிசல் உள்ள தேயிலை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கோயில், மூன்று லயங்கள், மூன்றாம் லயத்தின் பன்னிரண்டு கதவுகள். இப்போது பெண்கள் விடவில்லை. என் வாசலில் ரோசாச் செடி இருக்கிறதே, எங்கே? என் கதவு பச்சையல்லவா, ஏன் நீலம்? காளியாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "என் வெள்ளச்சிய காணோமேப்பா. அவ இல்லாம நான் மட்டும் எப்படிப்பா அங்க குடியிருக்கிறது?" எழுதினான். கொம்பு பெரிதாகிவிட்டது, காளை போல இருக்கிறது என்றாள். மறுபடி எழுதினான். வேலை முடிந்து பார்த்தபோது பலகையில் மேற்கணக்கு முழுக்க இருந்தது. மழை பெய்தால் சிவப்புத் துணி மலையுச்சியிலிருந்து இறங்கி, விரிசலைத் தாண்டி, பன்னிரண்டு கதவுகளை நோக்கி வந்தது. சின்னப் பிள்ளைகள்கூடக் காலையில் எழுந்ததும் "துணி எங்க நிக்கிது?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. துணி படத்திலுள்ள லயத்துக் கூரையைத் தொட்டால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். சரி, எல்லோரும் போய்விட்டார்களா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தகடு. பழைய கூரைத் தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பன்னிரண்டு தகடு வெட்டி, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒன்று கொடுத்தான். அவரவர் தகட்டில் அவரவரே ஏதாவது எழுதிக்கொள்ளலாம். ஒருவர் ரேடியோ எழுதினார், ஒருவர் வேல் எழுதினார். காளியாயி என்ன எழுதினாள் என்று சொல்ல வேண்டியதில்லை. தகடு சாதாரண நாளில் பலகையில் உங்கள் கதவில் தொங்கும். லயத்தை விட்டு வந்ததும் உங்கள் கையாலேயே எடுத்துப் பலகையின் மறு ஓரத்தில், பள்ளிக்கூடப் படத்தில் உள்ள ஆணியில் தொங்கப்போட வேண்டும். பன்னிரண்டும் அந்தப் பக்கம் வந்துவிட்டால் லயத்தில் ஒரு உயிர் இல்லை என்று அர்த்தம். யோசனை நல்ல யோசனை. அழகுமுத்து தான் பிறந்த இடத்தின் பழக்கத்தை மட்டும் மறந்துவிட்டான்.

பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒருத்தி பிள்ளைமடுவத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி படியேறி வந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் நிற்பவள் "இருக்காங்க" என்று சொல்லிவிடுவாள். கங்காணிக்கும் தெரியும், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்குக்கும் தெரியும். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. வந்துவிடுவாள் என்பது நிச்சயம். வருகிறவளுக்காக இவள் பேர் சொன்னாள், நாளைக்கு இவளுக்காக அவள் சொல்வாள். மேற்கணக்கில் யாருக்காகவும் பேர் சொல்லாதவள் என்று ஒருத்தி இருந்தால், அவளுடன் யாரும் பேசமாட்டார்கள். நூற்றைம்பது வருடமாக அவர்களைத் தாங்கியது அந்த ஒட்டுதல்தான்.

2000ஆம் ஆண்டில் ஒத்திகை வைத்தார்கள். கொழும்பிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்திருந்தார்கள். கொழுந்து துளிர்த்துக் கிடந்த வாரம். கண்டாக்கு ஜெயரத்தினம் ஐயாவுக்கு மலையிலிருந்து ஆட்களை இறக்க மனமில்லை. காம்பராவுக்கு ஒருவர் வந்தால் போதும் என்றார். அதுவும் நடக்கவில்லை. இரண்டு மூன்று கிழவர்கள் வந்து, தங்கள் தகட்டோடு பக்கத்து வீட்டுத் தகடுகளையும் சேர்த்து மாற்றிப்போட்டார்கள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துவிட்டன. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

சிவரூபன் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு கெதியா எப்பிடி அண்ணை வந்தவை?"

அழகுமுத்துவை அப்போது பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவனை யாரும் எதற்காகவும் நிறுத்திப் படம் பிடித்ததில்லை. "நம்மாளுங்க சுறுசுறுப்புங்க சேர்" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லை அவன் சாகும்வரை மென்றுகொண்டிருக்கப் போகிறான் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியாது.

2002 ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை பிடித்த மழை செவ்வாயும் விடவில்லை. புதன் காலைப் பெரட்டில் துணி கூரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அழகுமுத்து கண்டாக்கையாவிடம் ஓடினான். துணி தொடட்டும், தொட்டால் பார்க்கலாம், அதுதானே உன் சட்டம் என்றார் அவர். சட்டம் அதுதான். சாக்குக் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் மலைக்குப் போனார்கள். லெட்சுமி போகும்போது துணியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

பத்து மணிக்குத் துணி தொட்டது. தப்பு அடித்தார்கள். அதன்பிறகு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்: ஜனம் பலகையை நம்பியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மலையிலிருந்து கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். லயத்துக்குப் போய்க் குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, பெரட்டுக்களம் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். கைகால் விழுந்த கிழவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிவந்தார்கள். தகடுகள் ஒவ்வொன்றாக மாறின. அழகுமுத்து இத்தனை வருடம் உழைத்தது இந்த அரை மணி நேரத்துக்காகத்தான். மழையில் நனைந்துகொண்டு அவன் பெருமைப்பட்டான். அதை மறைப்பதற்கில்லை.

நடுவில் பீலி அடைத்துக்கொண்டது. இலை அடைத்தால் துணி பொய் சொல்லும். மடுவத்தின் பின்னால் ஏறி இலையை அள்ளிப்போட்டுவிட்டு முன்பக்கம் வந்தபோது, பன்னிரண்டு தகடும் பள்ளிக்கூடத்துப் பக்கம் தொங்கின. எண்ணினான். மறுபடி எண்ணினான்.

ஜெயரத்தினம் ஐயா குடையோடு வந்தார். பின்னால் வீரய்யாவும் இன்னொருவனும் கயிறு, மண்ணள்ளும் சவளோடு நின்றார்கள். மூன்றாம் லயத்தில் கதவு கதவாகத் தட்டிப் பார்க்க அவர்களைக் கூட்டி வந்திருந்தார்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

அழகுமுத்துவுக்கு ஒரு கணம் ஒத்திகை ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பிறகு அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பலகை அவன் கையால் செய்தது. இத்தனை பேரை அது இப்போதுதான் கண்முன்னே காப்பாற்றியிருந்தது. அதைச் சந்தேகப்பட அவனுக்கு மனம் வரவில்லை.

"வந்துட்டாங்கையா. பன்னெண்டு தகடும் இந்தப் பக்கம் இருக்குதுங்க."

"அப்ப சரி. ரெண்டாம் லயத்துத் தண்ணிக் கான் உடைச்சுக்கொண்டு பாயுது. நீங்கள் ரெண்டு பேரும் அங்க ஓடுங்கோ."

அவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து லெட்சுமி ஓடிவந்தாள். சேலை முழுக்கச் சேறு, மூச்சு வாங்கியது.

"ஏங்க, காளியாயி அக்கா இந்தப் பக்கம் வந்தாங்களா? அங்க எந்த வகுப்புலயும் காணோம்."

"தகடு இருக்கே புள்ள."

"அது நான் போட்டதுங்க."

அவன் ஓடினான். இரண்டாம் லயத்து முடக்கைத் திரும்பும்போது மலையில் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம், பெரிய சத்தமில்லை. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. மூன்றாம் லயத்தின் கூரை ஒரு தடவை நெளிந்தது. அப்புறம் கூரை இல்லை. சகதி அவன் நின்ற இடத்துக்கு முப்பது அடி தள்ளி நின்றது. அவன் காளியாயியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். எத்தனை தடவை கூப்பிட்டான் என்று வீரய்யாதான் பிற்பாடு சொன்னான்.

இரண்டு நாள் தோண்டி எட்டாம் காம்பராவின் நிலைப்படியில் அவளை எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விஜிதரன் அந்த நேரம் அங்கே நின்றான். வெள்ளச்சி தோட்டத்து ரோட்டில் உயிரோடு திரிந்தது. கழுத்துக் கயிறு அவிழ்த்து விடப்பட்டிருந்தது. பசுவை அவிழ்த்துவிட்டவள் ஏன் மறுபடி வீட்டுக்குள் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது என்ன என்று பள்ளிக்கூடத்து மூலையில் லெட்சுமி புருஷனிடம் சொல்லியிருந்தாள். இருவரும் ஒன்றாகத்தான் லயத்திலிருந்து கிளம்பினார்கள். பீலிக்கரையில் காளியாயி நின்றுவிட்டாள். ஒரு பேச்சு பேசினாள், திரும்பிப் போனாள். இவள் இரண்டு தகட்டையும் மாற்றிப்போட்டாள். பெரட்டில் பேர் சொல்வது போலத்தான் செய்தாள், வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

"விசாரணைல நான் சொல்லிடுறேங்க" என்றாள்.

விசாரணை பேக்டரி ஆபீசில் நடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை, பொலிஸ் சார்ஜன், கண்டாக்கு, எழுதுவதற்கு ஒரு கிளாக்கர். வாசலில் லயத்து ஜனம். எட்டாம் இலக்கத் தகட்டை மாற்றிப் போட்டது யார் என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். கிளாக்கர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் லெட்சுமி ஓர் அடி முன்னால் வந்தாள். அழகுமுத்து அவளுக்கு முன்னால் வந்தான்.

"நான்தாங்க. அது கீழ விழுந்து கிடந்துச்சு. எடுத்து மாட்டுறப்ப தப்பான பக்கம் மாட்டிட்டேன்."

லெட்சுமி அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொன்னான். தொரையின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. விரிசலுக்குக் கீழே நான்கு வருடம் ஆட்களைக் குடிவைத்தவர்கள் யார், புது வீடு கேட்ட கடிதங்கள் எந்த அலுமாரியில் தூங்குகின்றன என்று யாரும் கேட்கவில்லை. மூன்று விரல் பெயின்ட்காரன் ஒருவன் கிடைத்துவிட்டான், போதும். பலகையைக் கழற்றச் சொன்னார்கள். பீப்பாயைச் சுண்ணாம்பு கரைக்க எடுத்துக்கொண்டார்கள். அவனைப் புல்லு வெட்டப் போட்டார்கள்.

அவன் அதற்கெல்லாம் தயாராக இருந்தான். பெண்டாட்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு திருப்தி அவனுக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினான். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சேலையால் மறைத்துக் குடியிருந்தார்கள். லெட்சுமி சமைத்தாள், பரிமாறினாள், அவனோடு பேசவில்லை. கூச்சம், துக்கம், போகப்போகச் சரியாகும் என்று அவன் நினைத்துக்கொண்டான். விஜிதரன் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே ஒரு தடவை குழாயடியில் எதிர்ப்பட்டபோது கேட்டான்.

"ஏன் சித்தப்பா, எங்கம்மாவுக்கு யாருமே சொல்லலியா? அத்தன பேரு ஓடி வந்தீங்களே. அதுக்கு மட்டும் தெரியாமலே போச்சா?"

அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொன்ன பொய்யில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. மழை ஓய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் படையல் போட்டார்கள். மொட்டையடித்த தலையோடு விஜிதரன் குந்தியிருந்தான். சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும் நேரம், லெட்சுமி அவன் முன்னால் போய் நின்றாள். மடியில் கட்டிவைத்திருந்ததை எடுப்பவள் போல நிதானமாகப் பேசினாள்.

"விஜி, ஒங்கம்மா தகட்டத் தொங்கப் போட்டது ஒங்க சித்தப்பா இல்ல. நான். எனக்காக அவரு பொய் சொல்லிட்டாரு. என்னைய அடிக்கணும்னா அடி."

பந்தி அப்படியே நின்றது. அழகுமுத்து எழுந்து வந்தான், "ஏ புள்ள, பேசாம இரு" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விஜிதரன் எழுந்தான். அடித்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீரய்யா குறுக்கே வரப்பார்த்தான்.

"ஒங்ககிட்ட அம்மா பேசுச்சா சித்தி?"

"பேசுனாங்க."

"என்ன சொன்னுச்சு? அது சொன்ன மாதிரியே சொல்லுங்க."

லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். "பீலிக்கரை வரைக்கும் ஒண்ணாத்தான்ப்பா வந்தோம். அங்க நின்னுட்டாங்க. 'லெட்சுமி, வெள்ளச்சிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு புள்ள, கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன், மனசு கேக்கல. என் தகட்டையும் சேத்துப் போட்டுரு, அவுத்து விட்டுட்டுப் பின்னாடியே வாறேன்'னாங்க. சீக்கிரம் வாங்கக்கான்னேன். சிரிச்சாங்க. 'விஜிக்குச் சீம்பால் குடுத்தனுப்பணும், போன தடவ பாவம் அவனுக்குக் கெடைக்கல'ன்னாங்க. அப்புறம் போயிட்டாங்க."

"பயந்துச்சா?"

"இல்ல சாமி. பயப்படவே இல்ல. வந்துரலாம்னுதான் போனாங்க."

விஜிதரன் மண்ணில் உட்கார்ந்தான். பதினாறு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா யாருக்கும் வேண்டாதவளாக, ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் செத்துப்போனாள் என்று நினைத்துத்தான் அவன் இத்தனை நாளும் கல்லாக இருந்திருக்கிறான்.

அழகுமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். பெண்டாட்டியைக் காப்பாற்றியதாக நினைத்து அவன் எதைப் புதைத்து வைத்திருந்தான் என்பது இப்போது எல்லோர் முன்னாலும் கிடந்தது. ஒரு தாய் மகனுக்குச் சொல்லிவிட்டுப் போன கடைசிச் சொல் அது. இன்னும் ஒரு நாள் லெட்சுமி வாய் திறக்காமல் இருந்திருந்தால் பையன் அது தெரியாமலே கொழும்புக்கு ரயிலேறியிருப்பான்.

விஜிதரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க சித்தி" என்றான்.

லெட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பீலிக்கரையிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.